வாசற்படியில் ஒரு நிமிஷம்: வாசகர் கேள்வி – பதில்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கரையோர ஊர்களில் மகன் வளைகுடாவில், மகள் சென்னையில், வீட்டுக்காரர் கடலில் என்று ஆகிவிட்ட வீடுகள் நிறைய. அந்த வீட்டுப் பெரியவர்களின் வாசலுக்குத் தவறாமல் வந்து போகும் வெளியாள் கேஸ்காரர், கூரியர் தம்பி, தபால்காரர்தான். இவர்களைப் பற்றியும் இவர்களிடமிருந்தும் வந்த கேள்விகளுக்கு, டெலிவரி வேலையிலும் முதியோர் பராமரிப்பிலும் இருப்பவர்கள் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

கேஸ் சிலிண்டர் போடும் வேலை பார்க்கிறேன். தனியாக இருக்கும் ஆச்சிகள் "நீயே மாட்டிக் குடுத்துட்டுப் போய்யா" என்கிறார்கள். மாட்டிக் கொடுக்கலாமா? என்னென்ன பார்க்க வேண்டும்?
– வாசகர், உச்சிப்புளி

மாட்டிக் கொடுங்கள். 14.2 கிலோ கேஸும் 15, 16 கிலோ இரும்பும் சேர்ந்து முப்பது கிலோவை ஒட்டி வரும் சுமை அது. வாசலில் இறக்கிவிட்டு நீங்கள் கிளம்பிவிட்டால், அடுப்படி வரை உருட்டிக்கொண்டு போகிறவர் அந்த ஆச்சிதான். கால்விரல் நசுங்குவதும் இடுப்பு பிடித்துக்கொள்வதும் அப்போதுதான்.

வேலையை வாசலிலேயே தொடங்குங்கள். சீல் பிரியாமல் இருப்பதைக் காட்டுங்கள். அவர் கேட்காவிட்டாலும் தராசில் தொங்கவிட்டு எடையைச் சொல்லுங்கள். சிலிண்டரில் அடித்திருக்கும் காலி எடையோடு 14.2 கூட்டினால் வர வேண்டிய எடை. கைப்பிடியைத் தாங்கும் தகடுகளில் ஒன்றின் உள்பக்கம் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர், இலக்கம் ஆண்டு. 'பி 27' என்றிருந்தால் 2027 ஜூனுக்குள் அது மறுசோதனைக்குப் போக வேண்டும். தேதி தாண்டியதை இறக்கவே வேண்டாம். அடுத்து மூடியைக் கழற்றி வால்வுக்குள் பாருங்கள். கறுப்பு ரப்பர் வளையம் இல்லாமலோ வெடித்தோ இருந்தால் எவ்வளவு ஒழுங்காக மாட்டினாலும் கசியும். வால்வு வாயில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விடுங்கள். குமிழி வந்தால் மூடியைப் போட்டு, வண்டிக்கே திருப்புங்கள்.

உள்ளே போகும் முன் "வரலாமா?" என்று ஒரு வார்த்தை. அடுப்படியில் சாமி விளக்கு, ஊதுபத்தி, பக்கத்து விறகடுப்பு எதுவும் எரியக் கூடாது. அடுப்புத் திருகுகள் மூடியிருக்கட்டும். பழைய ரெகுலேட்டரை மூடி, வளையத்தைத் தூக்கிக் கழற்றி, காலி சிலிண்டருக்கும் மூடி போடுங்கள். புதியதில் ரெகுலேட்டரை நிமிர்த்தி வைத்து, வளையத்தைத் தூக்கியபடி அழுத்தி, வளையத்தை விட்டால் 'டக்' என்று உட்காரும். உட்கார்ந்ததும் இணைப்பில் சோப்புத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். தீக்குச்சி கிழித்துப் பார்ப்பதைச் சில வீடுகளில் இன்னும் செய்கிறார்கள். கையைப் பிடித்துத் தடுங்கள்.

நம் கரையோரத்தில் கூடுதலாகப் பார்க்க வேண்டியது துரு. உப்புக்காற்றும் ஈரச் சிமெண்டுத் தரையும் சேர்ந்தால் சிலிண்டரின் அடி வளையம் செதில் செதிலாக உதிரும், ரெகுலேட்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங் இறுகும். சிலிண்டரைச் சக்கர ஸ்டாண்டில் வைக்கச் சொல்லுங்கள். ஆரஞ்சு நிறக் குழாயில் அச்சிட்ட ஆண்டைப் படித்துச் சொல்லுங்கள். ஐந்து ஆண்டுதான் அதற்கு ஆயுள். இரண்டு முனையிலும் லேசாக வளைத்துப் பார்த்தால் வெடிப்பு இருக்கிறதா என்று தெரியும்.

கடைசியாக, ஆச்சியின் கையாலேயே ஒருமுறை ரெகுலேட்டரைத் திறந்து மூடச் சொல்லுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மூட்டுவலி உள்ள விரலுக்கு அந்தத் திருகு திரும்பாது. திரும்பாததால் ராத்திரியும் திறந்தே கிடக்கும். அப்படியென்றால் மகனுக்கோ மகளுக்கோ அங்கிருந்தே போன் போட்டுச் சொல்லுங்கள். பார்வை மங்கியவர் என்றால், மூடிய நிலைக்கு நேரே நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துக் கொடுங்கள். கசிவுக்கான உதவி எண் 1906. அடுப்படிச் சுவரில் பெரிதாக எழுதிவிடுங்கள். நாற்றம் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, கதவும் திறக்க வேண்டும்.

பில்லில் போட்ட தொகைக்கு மேல் வாங்க வேண்டாம். முதியோர் உதவித்தொகையில் ஓடும் வீட்டில் ஐம்பது ரூபாய் என்பது இரண்டு வேளைச் சாப்பாடு.

கீழக்கரையில் கூரியர் எடுக்கிறேன். பெல் அடித்தால் வயதானவர்கள் வாசலுக்கு வரவே மூன்று, நான்கு நிமிஷம் ஆகிறது. சிலருக்குக் காதும் கேட்பதில்லை. நேரத்துக்கு முடிக்கவும் வேண்டும், அவர்களை அவசரப்படுத்தவும் மனசில்லை.
– வாசகர், கீழக்கரை

அந்த நான்கு நிமிஷத்தை வழியிலேயே சம்பாதித்துவிடலாம். இரண்டு வீடு முன்னால் இருக்கும்போதே போன் போட்டு, "பத்து நிமிஷத்துல வர்றேன்மா, மெதுவா வாங்க" என்று சொல்லிவிடுங்கள். அவசரமாக எழுந்து வருவதில்தான் வயதானவர்கள் விழுகிறார்கள். உட்கார்ந்திருந்தவர் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். பெல்லை விடாமல் அடிக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஒருவர் வேகத்தைக் கூட்டுகிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கதவு திறந்ததும் ஹெல்மெட்டையும் முகத்துணியையும் எடுத்துவிட்டு, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நில்லுங்கள். காது மங்கியவர்கள் பாதியை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார்கள். கத்த வேண்டாம். வயதில் முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான். கத்தும்போது குரல் இன்னும் மேலே போய்விடும். குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்திப் பேசினால் கேட்கும். பார்சலைப் படியிலோ நிலைக்கு நேரேயோ வைக்காதீர்கள், கால் தடுக்கும். திண்ணை மேல் அல்லது நாற்காலி மேல், அவர் குனியாமல் எடுக்கும் உயரத்தில் வையுங்கள்.

உங்கள் ஊர், பெரியபட்டினம், ஏர்வாடி பக்கமெல்லாம் ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் பெண்கள் கதவுக்குப் பின்னால் நின்று பேசுவார்கள். இரண்டு அடி தள்ளி, பக்கவாட்டில் திரும்பி நின்று, "ராத்தா, திண்ணையில வச்சிருக்கேன்" என்று சொன்னால் போதும். பெட்டியை உள்ளே வைக்கச் சொன்னாலும், வீட்டில் வேறு பெரியவர் யாரும் இல்லையென்றால் வாசலைத் தாண்ட வேண்டாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ எனும் மதியத் தொழுகை நேரத்தையும் நோன்பு மாதத்தில் மஃரிப் எனும் அந்தித் தொழுகையை ஒட்டிய அரைமணியையும் உங்கள் வரிசையிலிருந்து தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பார்வை கிடையாது. பொருள் வாங்கிப் பணம் கொடுக்கும்போது மீதிச் சில்லறை சரியா என்ற சந்தேகம் வருகிறது. கேட்டால் தம்பிகள் மனம் நோகுமோ என்று கேட்பதில்லை.
– வாசகர், தேவிபட்டினம்

கேளுங்கள். நல்ல பிள்ளைகளுக்கு அதில் மனத்தாங்கல் வராது.

இப்போதைய நோட்டுகள் நீளத்தில் வேறுபடும்: 10 ரூபாய் 123 மில்லிமீட்டர், 20 ரூபாய் 129, 50 ரூபாய் 135, 100 ரூபாய் 142, 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. நூறுக்கும் இருநூறுக்கும் நான்கு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், அங்கேதான் ஏமாற்றம் நடக்கும். ஓரங்களைத் தடவுங்கள். நூறில் நான்கு சாய்கோடுகள் மேடாக இருக்கும். இருநூறில் நான்கு கோடுகளுக்கு நடுவே இரண்டு சிறு வட்டங்கள். ஐநூறில் ஐந்து கோடுகள். கசங்கிய நோட்டில் மேடு தேய்ந்திருக்கும் என்பதால் ரிசர்வ் வங்கி 2020-இல் வெளியிட்ட 'மணி' என்ற செயலியை போனில் போட்டுக்கொள்ளுங்கள். கேமராவைக் காட்டினால் இது எத்தனை ரூபாய் நோட்டு என்று சொல்லும். ஆனால் அது கள்ள நோட்டா நல்ல நோட்டா என்று சொல்லாது.

இதைப் படிக்கும் டெலிவரி தம்பிகளுக்கு: மீதியைக் கற்றையாக உள்ளங்கையில் திணிக்காதீர்கள். "இது இருநூறு, இது ஐம்பது" என்று வாயால் சொல்லி, ஒவ்வொன்றாகக் கொடுங்கள். அவர் மடித்துப் பையில் வைக்கும்வரை அடுத்த நோட்டை நீட்டாதீர்கள். பார்வையில்லாதவர்கள் நோட்டுக்கு நோட்டு வேறு மாதிரி மடித்து வைத்துக்கொள்வார்கள், அதற்கு நேரம் வேண்டும். பொருளை எங்கே வைத்தீர்கள் என்பதையும் "அங்க" என்று கைகாட்டாமல், "உங்க வலது கைப்பக்கம், திண்ணை ஓரத்துல" என்று சொல்லுங்கள்.

அம்மா பாம்பனில் தனியாக இருக்கிறார். இன்சுலினை ராமநாதபுரத்து மருந்துக்கடையிலிருந்து ஆள் மூலம் அனுப்பச் சொல்கிறேன். வரும்போதே வெயிலில் கெட்டுவிடுமோ?
– வாசகி, சென்னை

கெட வாய்ப்பு உண்டு. வெயிலில் நிறுத்திய பைக்கின் பெட்டிக்குள் சூடு வெளியே இருப்பதைவிட நன்றாகவே ஏறும். காலை ஒன்பது மணிக்குள் கடையிலிருந்து கிளம்பும்படி பேசிக்கொள்ளுங்கள். ஜெல் பொதியோடு வைக்கச் சொல்லுங்கள். ஆனால் பொதிக்கும் மருந்துக்கும் நடுவில் துணியோ காகிதமோ வேண்டும். ஐஸ் நேரடியாகப் பட்டு உறைந்த இன்சுலின் உருகியபின் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், வேலை செய்யாது. வாசலில் வைத்துவிட்டுப் போகக் கூடாது, கையில்தான் கொடுக்க வேண்டும் என்று கடைக்காரரிடமும் கொண்டுவரும் தம்பியிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வாங்கியதும் குப்பியை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தெளிவான வகை தண்ணீர்போல் இருக்க வேண்டும். பால்போல் இருக்கும் வகையை உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டினால் ஒரே சீராகக் கலங்க வேண்டும். திரி திரியாகவோ கண்ணாடியில் பொடி ஒட்டியோ இருந்தால் போடக் கூடாது. பிரிக்காதது ஃபிரிட்ஜின் நடுத்தட்டில், 2 முதல் 8 டிகிரிக்குள். பயன்பாட்டில் இருப்பது 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் பெரும்பாலும் நான்கு வாரம். வகைக்கு வகை மாறும், அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானைக்குள் பானை வைத்து, நடுவில் ஈர மணல் போடும் முறை உண்டு. ஆனால் கடற்கரைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம் என்பதால் உள்நாட்டில் குளிர்வதுபோல் இங்கே குளிராது. பாம்பனில் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். அம்மாவின் பெயர் அதில் இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுவிடுங்கள்.

வழக்கமாகத் திறக்கும் வீடு. ஒருநாள் தட்டியும் திறக்கவில்லை. உள்ளே டிவி சத்தம். என்ன செய்வது? 'ஆள் இல்லை' என்று போட்டுவிட்டுப் போய்விடலாமா?
– வாசகர், தங்கச்சிமடம்

போகாதீர்கள். முதலில் போன் அடியுங்கள். மணி உள்ளே கேட்டு, எடுக்க ஆள் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். நேற்றைய பால் பாக்கெட் வாசலில் கிடப்பது, பகலில் வாசல் விளக்கு எரிவது, குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பது, அடுப்பில் தீய்ந்த வாடை, இதில் ஒன்று இருந்தாலும் பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுங்கள். தனியாக உள்ளே நுழைய வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா ஒருவரோடு போங்கள், அது உங்களுக்கும் பாதுகாப்பு. கதவு உள்தாழ் என்றால் அவசர உதவி எண் 112-க்குப் போன் போடுங்கள்.

விழுந்து கிடந்தால், கையைப் பிடித்துத் தூக்குவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். தரையில் உட்கார்ந்து, முகத்துக்கு நேரே பேசுங்கள். எங்கே வலி என்று கேளுங்கள். ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்து பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு மூட்டில் முறிவு இருக்கலாம். அப்படியே கிடக்கட்டும், தலைக்கு ஒரு துணி, மேலே ஒரு போர்வை, வெயில் பட்டால் நிழல். 108 வரும்வரை குடிக்க எதுவும் வேண்டாம், அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்.

விழாமல், ஆனால் வியர்த்து, கை நடுங்கி, பேச்சு தடுமாறினால், சர்க்கரை நோயாளிதானா என்று பாருங்கள். மேசையில் மாத்திரையோ ஊசியோ இருக்கும். விழுங்க முடிகிறவர் என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிஷத்தில் தெளியவில்லையென்றால் இன்னொரு முறை. தெளிந்ததும் சாப்பிட வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108.

வாய் ஒரு பக்கம் கோணினால், இரண்டு கையையும் தூக்கச் சொல்லி ஒன்று தாழ்ந்தால், பேச்சு குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108. கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதி ஆம்புலன்ஸ்காரரிடம் கொடுங்கள். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே சுமார் 55 கிலோமீட்டர். நீங்கள் எழுதிக் கொடுக்கும் நேரத்தை வைத்துத்தான் மருத்துவர் முடிவெடுப்பார்.

பக்கத்து வீட்டார் பொறுப்பெடுத்ததும் நீங்கள் கிளம்பலாம். ஆனால் சாயங்காலம் ஒரு போன் போடுங்கள்.

ஒரு பெரியம்மா ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் கொடுத்து "ரெண்டாயிரம் எடுத்துட்டு வாய்யா" என்கிறார். அவருக்கு வேறு ஆள் இல்லை.
– வாசகர், வாலிநோக்கம்

வாங்காதீர்கள். பிறகு யார் எடுத்தாலும் பழி உங்கள் மேல்தான் வரும். வேறு யாரிடமும் அவர் அதைக் கொடுக்காமல் இருக்கப் பழக்குவதுதான் உதவி. அஞ்சல் அலுவலகத்தில் சொன்னால் தபால்காரர் கருவியோடு வீட்டுக்கு வந்து, ஆதாரோடு இணைந்த எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் கைரேகை வைத்துப் பணம் எடுத்துத் தருவார். ஓய்வூதியக்காரர்களின் வாழ்நாள் சான்றையும் 70 ரூபாய்க்கு வீட்டிலேயே முடித்துத் தருகிறார்கள். அந்த அஞ்சலகத்தின் போன் நம்பரை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ரேஷனுக்கு, வீட்டுக்கே பொருள் வரும் 'தாயுமானவர்' திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது, முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும். வயது வரம்பைக் கடையில் கேட்டு அவருக்குச் சொல்லுங்கள்.

எந்த ஓடிபியைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது?
– வாசகி, மண்டபம்

பொருள் கண்முன் இருக்கிறதா என்பதுதான் சோதனை. பார்சலைக் கையில் பார்த்த பிறகு, எதிரே நிற்கிறவரிடம் மட்டும் எண். போனில் கேட்டால் யாராக இருந்தாலும் கிடையாது. "டெலிவரி தம்பியின் நம்பர் இது, இப்படி அழுத்துங்கள்" என்று *401* அல்லது *21* என்று தொடங்கும் எண்ணைக் கொடுத்தால், அப்பாவுக்கு வரும் அழைப்புகள் எல்லாம் மோசடிக்காரனுக்குத் திரும்பிவிடும். அழுத்திவிட்டாரென்றால் ##002# போட்டு எல்லாத் திருப்பலையும் நீக்குங்கள். பணம் வருவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930.

கேஸ் சிலிண்டருக்கான ஓடிபி எண் துபாயில் இருக்கும் மகனின் போனுக்கு வந்து, இங்கே ஆத்தாவும் கேஸ்காரரும் முழித்துக்கொண்டு நிற்பதை நிறைய வீடுகளில் பார்க்கலாம். ஏஜென்சியில் ஆத்தாவின் நம்பரையே பதிவு செய்யுங்கள்.

ஒரு தாத்தா ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப ஆர்டர் போடுகிறார். "நான் போடவே இல்லை" என்று கோபப்படுகிறார்.
– வாசகர், சாயல்குடி

ஞாபகம் தப்புகிறது. வாதம் செய்யாதீர்கள், ஆர்டரைக் காட்டி நிரூபிக்கவும் வேண்டாம். "சரிங்க தாத்தா, நான் எடுத்துட்டுப் போறேன்" என்று திருப்பிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் உங்கள் பெயரையும் வேலையையும் புதிதாகச் சொல்லுங்கள், எதிரே வந்து நில்லுங்கள், ஒரு நேரத்தில் ஒரு கேள்வி மட்டும். பிள்ளைகளின் எண் கிடைத்தால் அவர்களிடம் சொல்லுங்கள், அக்கம்பக்கத்தில் பேச்சாக்காதீர்கள். யாரும் இல்லாதவர் என்றால் முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை.

டெலிவரிக்கு வரும் பிள்ளைகளுக்கு நாங்கள் என்ன செய்யலாம்?
– வாசகி, ராமேசுவரம்

வீட்டைக் கண்டுபிடிக்க முடிவதுதான் அவர்களுக்குப் பெரிய உதவி. "சர்ச் பின்புறம்" என்று எழுதினால் அங்கே நாற்பது வீடு இருக்கும். லொகேஷனை வாசலில் நின்று அனுப்புங்கள், உள்அறையில் நின்று அனுப்பினால் பின்தெருவைக் காட்டலாம். அஞ்சல் துறை 2025-இல் கொண்டுவந்த டிஜிபின் நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டத்துக்கு ஒரு பத்து எழுத்துக் குறியீடு தருகிறது. அதைக் கதவில் எழுதி வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் கையில் காசு இல்லையென்றால், தம்பி மணல் ரோட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதற்கு முன்னாலேயே போனில் சொல்லிவிடுங்கள். நிழலில் ஒரு குடம் தண்ணீர், ஒரு டம்ளர். பெண் பிள்ளைகள் வந்தால் கழிப்பறை வேண்டுமா என்று நீங்களாகக் கேளுங்கள், அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

புயல் எச்சரிக்கை நேரத்தில் ராமேசுவரம் தீவுக்குள் மருந்து கொண்டுபோக வேண்டியிருக்கிறது. பாம்பன் பாலத்தில் பைக்கில் போகலாமா?
– வாசகர், மண்டபம் முகாம்

வேண்டாம். 1988-இல் திறந்த அந்தச் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், இரண்டு பக்கமும் கடல். பின்னால் இருக்கும் உயரமான பெட்டி பக்கக் காற்றில் படகுப் பாய் மாதிரி ஆகிவிடும், வண்டி உங்கள் கையில் இருக்காது. அந்த அக்கறையை முன்கூட்டியே காட்டுங்கள். அக்டோபர் பிறந்ததும், இன்சுலின், இதய மாத்திரை, ஆஸ்துமா பம்ப் வாங்கும் வாடிக்கையாளர்களின் பட்டியலை மருந்துக்கடைக்காரரோடு சேர்ந்து போடுங்கள். காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்த அன்றே ஒவ்வொருவருக்கும் போன்: மருந்து ஒரு வாரத்துக்கு இருக்கிறதா, குடிதண்ணீர் பிடித்தாயிற்றா, போன் சார்ஜ் இருக்கிறதா. இல்லை என்றவர்களுக்கு முதலில், காற்று கிளம்புவதற்கு முன்.